காம்பாக்ட் ஒல்லி, மிட்சைஸ் தடியா? டேப்பு வச்சுப் பேசுவோம் வாங்க

மாசிவீதி_மைந்தன் | ஞாயிறு காலை 7.40

நேத்து மேலூர்_மாப்ள இங்க ஒண்ணு எழுதியிருந்தாரு. "மதுரைக்குள்ள குடியிருக்கவன் நடுத்தர அளவு மிட்சைஸ் எஸ்யூவி வாங்குனா காசக் கரியாக்குறான். சின்ன சைஸ் காம்பாக்ட் எஸ்யூவி ஒல்லியா இருக்கும், எந்தச் சந்துலயும் பூந்துரும்." அதுக்கு அம்புட்டுப் பேரு கைதட்டு வேற. படிச்சதுல இருந்து மனசு ஆறல.

நான் பொறந்து வளந்தது தெற்கு மாசி வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல. சந்துன்னா என்னன்னு எனக்குத் தெரியும். கம்பெனிக்காரனே போட்ட கணக்கச் சொல்றேன், எழுதி வச்சுக்கங்க. காம்பாக்ட் நெக்ஸான் அகலம் 1804 மில்லிமீட்டர். மிட்சைஸ் கிரெட்டா 1790. எது ஒல்லி? காம்பாக்ட்னு சொல்ற வண்டிதான் 14 மில்லி தடி. எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 1821, அதுவும் காம்பாக்ட்தான். காம்பாக்ட் பிரெஸ்ஸாவும் கிரெட்டாவும் ஒரே அகலம். குஷாக் மிட்சைஸ், அது வெறும் 1760.

ஒல்லின்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு டேப்பு எடுத்து அளந்து பாக்க மாட்டீகளா?

மேலூர்_மாப்ள | காலை 8.15

வந்துட்டாரு அளவுக்காரரு. 14 மில்லின்னா என்னண்ணே, சுண்டுவிரல் அகலம். அத வச்சு ஊரையே எழுப்புறீக. நான் ஒல்லின்னு சொன்னது மொத்த வண்டியையும். கிரெட்டா நீளம் 4330, நெக்ஸான் 3995. 335 மில்லி வித்தியாசம், ஒரு அடிக்கு மேல. அந்த ஒரு அடி இருந்தா விளக்குத்தூண் பக்கம் ஒரு டூவீலர நிப்பாட்டிரலாம்.

மாசிவீதி_மைந்தன் | காலை 8.22

நீங்க எழுதுன வார்த்தை "ஒல்லி". நீளமா இருக்கவன எந்த ஊர்ல தடியன்னு சொல்றாக? ஒல்லின்னா அகலம். 14 மில்லி. பதில் சொல்லுங்க.

கணக்கு_தணிக்கையாளர் | காலை 9.05

முதலில் காம்பாக்ட் என்றால் என்ன என்று வரையறுத்துக்கொண்டு பேசினால் நல்லது. அது கம்பெனி விளம்பரத்துக்கு வைத்த பெயர். சட்டத்தில் இருப்பது நீளமும் இன்ஜின் அளவும்தான். நீளம் 4000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். இதற்குள் அடங்கினால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். அதனால்தான் பாதி வண்டிகள் 3995-இல் வந்து நிற்கின்றன. அகலத்துக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லை. நீளத்தை வெட்டியவர்கள் உள்ளே இடம் வேண்டுமென்று அகலத்தில் கை வைக்கவில்லை. ஆகவே இருவரும் சொல்வது...

மாசிவீதி_மைந்தன் | காலை 9.11

சார், வரி பத்தி யாரும் கேக்கல. அகலத்துக்கும் காம்பாக்டுக்கும் சம்பந்தமில்லைன்னு நீங்களே சொல்லிட்டீக. நன்றி. மாப்ள, சார் சொன்னதப் படிச்சீகளா?

திருநகர்_தேவி | காலை 9.48

அண்ணே, நான் நிஜமாவே அடுத்த மாசம் வண்டி எடுக்கணும். வீட்ல அஞ்சு பேரு. மாமனாருக்கு முழங்கால் ஆபரேசன் ஆகியிருக்கு, கால மடக்கி ரொம்ப நேரம் உக்கார முடியாது. ரெண்டு பிள்ளைக. பட்ஜெட் எல்லாம் சேத்து 13 லட்சம். வாரம் ஒரு தடவை உசிலம்பட்டி போய் வரணும். பின் சீட்டுல மூணு பேரு உக்காந்தா எது நல்லா இருக்கும்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

டீசல்_தம்பி | காலை 10.02

அக்கா, உசிலம்பட்டின்னா யோசிக்காம டீசல். பெட்ரோல் எடுத்துட்டு அப்பறம் அழுகாதீங்க.

மேலூர்_மாப்ள | காலை 10.20

தேவி அக்கா, காம்பாக்ட் எடுங்க. பத்து லட்சத்துக்குள்ள வண்டி விலை நின்னா தமிழ்நாட்டுல ரோடு டாக்ஸ் 13 சதவீதம். பத்தத் தாண்டுனா 18. 2023-ல மாத்துனது. உங்க பட்ஜெட்ல மிட்சைஸுக்குப் போனா டாக்ஸுக்கே வளையல அடகு வைக்கணும்.

அப்பறம் மாசிவீதி அண்ணனுக்கு. சந்துல பிரச்சினை நேரா போறதுல இல்ல, திரும்புறதுல. முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல உள்ள தூரம்தான் வீல்பேஸ். கிரெட்டா வீல்பேஸ் 2610, நெக்ஸான் 2498. வீல்பேஸ் நீளமா இருந்தா திரும்பும்போது உள்பக்கத்துப் பின் வீலு மூலையப் பாத்து வெட்டிக்கிட்டு வரும். முன்னாடி தப்பிச்சிரும், பின் கதவு ஒரசும். பிரெஸ்ஸா சின்ன வட்டத்துல திரும்பிரும், மிட்சைஸ் கிராண்ட் விட்டாராவுக்குப் பெரிய வட்டம் வேணும். இத உங்க டேப்பு அளக்குமா?

மாசிவீதி_மைந்தன் | காலை 10.31

3எக்ஸ்ஓ வீல்பேஸ் 2600. கிரெட்டாவவிட பத்து மில்லிதான் கம்மி. அது காம்பாக்டா இல்லையா? உங்க வாதம் அந்த வண்டிகிட்ட வந்து படுத்துக்கிருச்சு பாத்தீகளா. வீல்பேஸும் அதேதான், அகலம் அதைவிடக் கூட. அத வாங்கிட்டு எங்க சந்துக்குள்ள வாங்க, நானே முன்னாடி நின்னு ரைட்டு ரைட்டுன்னு சொல்றேன்.

எங்க தெருமுக்குல ஒரு கல்லு நட்டு வச்சிருக்காக. அந்தக் காலத்துல மாட்டு வண்டி செவத்த இடிச்சிரக் கூடாதுன்னு வச்சது. முழங்கால் உசரம், மேல சுண்ணாம்பு. அந்தக் கல்லுல இன்னைக்கு எண்ணுனேன், அஞ்சு கலர் பெயிண்டு இருக்கு. வெள்ளை, செவப்பு, ரெண்டு வித சாம்பல், ஒரு நீலம். நீலம் என் அக்கா மகனோடது, காம்பாக்ட் வண்டி. என் கிரெட்டா பெயிண்டு அதுல இல்ல. மூணு வருசமா தினம் ரெண்டு தடவை அந்த முக்குல திரும்புறேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

சிம்மக்கல்_பங்காளி | காலை 11.00

பங்காளி, ஒண்ணு மறந்துட்டீக. அந்த 1790, 1804 எல்லாம் கண்ணாடி சேக்காத அகலம். ரெண்டு பக்கமும் கண்ணாடிய விரிச்சா எந்த வண்டியா இருந்தாலும் ரெண்டு மீட்டர ஒட்டி வந்துரும். சந்துல செவத்துல மொத மொத முட்டுறது கண்ணாடிதான். உங்க 14 மில்லி அங்கேயே செத்துப்போச்சு.

மாசிவீதி_மைந்தன் | காலை 11.04

கண்ணாடிய மடக்கத் தெரியாதவன் வண்டி ஓட்டக் கூடாது. மடக்குனா மறுபடி 14 மில்லி வந்து நிக்கும்.

சிம்மக்கல்_பங்காளி | காலை 11.10

போன வருசம் டயர் விவாதத்துலயும் இப்படித்தான். நைட்ரஜன் காத்து அடிச்சா டயரு சூடே ஆகாதுன்னு சாதிச்சீக. காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்னு நான் சொன்னதுக்கு இன்ன வரைக்கும் பதில் இல்ல.

மாசிவீதி_மைந்தன் | காலை 11.12

அத இங்க எதுக்கு இழுக்குறீக? அன்னைக்கு நீங்க என்னைய "பஞ்சர் கடைப் பேச்சு"ன்னு சொன்னது எனக்கு மறக்கல. பஞ்சர் ஒட்டுறவன் ஒழைச்சுச் சாப்பிடுறவன். எங்கப்பா அந்த வேலை பாத்துத்தான் எங்கள வளத்தாரு. அதுக்கு மொதல்ல வருத்தம் தெரிவிங்க, அப்பறம் கண்ணாடி பத்திப் பேசலாம்.

டீசல்_தம்பி | காலை 11.40

எல்லாரும் சந்துக்குள்ளயே கெடக்கீங்க. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும் எது வண்டின்னு. கிரெட்டா டீசல் இழுவை 250 நியூட்டன் மீட்டர். டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுற கருவி) இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் 144தான். அந்தப் பெட்ரோல் கிரெட்டாவவிட நெக்ஸான் டர்போ பெட்ரோல் 170 இழுக்கும். மிட்சைஸா காம்பாக்டான்னு பாக்காதீங்க. டர்போ இருக்கா, டீசல் இருக்கா, அது ரெண்டுதான் கேள்வி.

மேலூர்_மாப்ள | மதியம் 12.05

தம்பி, நம்ம பக்கம் பேசிட்டீங்க, நன்றி. காம்பாக்ட் மிட்சைஸ முந்துது பாத்தீங்களா? பாதுகாப்பும் அப்படித்தான். 2018-லயே வண்டிய மோத விட்டுப் பாக்குற குளோபல் என்கேப் சோதனைல அஞ்சு நட்சத்திரம் வாங்குன மொத இந்திய வண்டி நெக்ஸான். கிரெட்டா 2022-ல மூணு.

மாசிவீதி_மைந்தன் | மதியம் 12.09

அது ரெண்டே ஏர்பேக் இருந்த பழைய கிரெட்டா. இப்ப எல்லா மாடல்லயும் ஆறு. மிட்சைஸ்லயும் அஞ்சு நட்சத்திரம் இருக்கு, அதே 2022-ல குஷாக் வாங்குச்சு. நான் சொன்ன 1760 குஷாக்தான், ஞாபகம் இருக்கட்டும். பாதுகாப்ப வேற திரியில பேசுவோம். இங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு. ஒல்லின்னு எழுதுனது தப்பா இல்லையா?

திருநகர்_தேவி | மதியம் 12.30

பின் சீட்டு பத்தி யாருமே சொல்லல. நேத்து ஷோரூம்ல ரெண்டுலயும் உக்காந்து பாத்தேன். முன் சீட்ட என் வீட்டுக்காரர் ஓட்டுற அளவுக்குப் பின்னாடி தள்ளி வச்சுட்டு, பின்னாடி மாமனார உக்கார வச்சோம். காம்பாக்ட்ல அவரு முழங்கால் முன் சீட்டு முதுகுல லேசா இடிச்சுச்சு. மிட்சைஸ்ல மூணு விரல் நுழையுற இடம் இருந்துச்சு. ஆனா ரெண்டுலயும் நடுவுல என் மகன உக்கார வச்சதும் தோளு தோளோட நெருக்கிக்கிருச்சு, வித்தியாசமே தெரியல. நீளம் கூடுனா காலுக்கு இடம் கூடுது, தோளுக்கு இல்ல. இது சரிதானா? மூணு விரலுக்காக ரெண்டு லட்சம் கூடக் குடுக்கலாமா?

மாசிவீதி_மைந்தன் | மதியம் 12.34

தேவி தங்கச்சி வாயால உண்மை வந்துருச்சு! தோளுக்கு வித்தியாசம் இல்ல. ஏன்? அகலம் ஒண்ணுதான். இதத்தானே காலைல இருந்து கத்துறேன்.

மேலூர்_மாப்ள | மதியம் 12.41

வித்தியாசம் இல்லைன்னா எதுக்கு மிட்சைஸ்? அக்கா சொன்னது என் கட்சி. காச மிச்சம் பண்ணுங்கக்கா.

திருநகர்_தேவி | மதியம் 12.50

நான் யாரு கட்சியும் இல்ல. மாமனார் முழங்கால் பத்திக் கேட்டேன்.

உசிலை_76 | மதியம் 1.15

உசிலம்பட்டின்னு பேரு வந்ததால சொல்றேன். எங்கூர் வேகத்தடை எல்லாம் சினை ஆடு படுத்துக் கெடக்க மாதிரி இருக்கும். அங்க அகலமும் வேணாம் நீளமும் வேணாம், அடி உசரம்தான் வேணும். நெக்ஸான் 208 மில்லி, கிரெட்டா 190, மிட்சைஸ் எலிவேட் 220. டிக்கியும் பாருங்க. எலிவேட் 458 லிட்டர், கிரெட்டா 433, பிரெஸ்ஸா 328. பெட்ரோலும் பேட்டரியும் சேந்து ஓட்டுற ஹைபிரிட் கிராண்ட் விட்டாரா மிட்சைஸ்தான், ஆனா பின்னாடி பேட்டரி இருக்கதால 265 லிட்டர்தான். ஊருக்குப் போனா ஒரு மூட்டை அரிசியும் ரெண்டு வாழைத்தாரும் இல்லாம எங்கம்மா திருப்பி அனுப்பாது. அத எங்க வைக்குறது?

டீசல்_தம்பி | மதியம் 1.22

மேல கேரியர் போடுங்க. டீசல் இழுக்கும்.

சிம்மக்கல்_பங்காளி | மதியம் 1.30

எதுக்கெடுத்தாலும் டீசல். மாருதி 2020 ஏப்ரல்ல டீசலையே விட்டுட்டான். இந்தியாலயே அதிகமா வண்டி விக்கிறவன் விட்டுட்டான், நீங்க விட மாட்டீங்க.

டீசல்_தம்பி | மதியம் 1.33

அவன் விட்டா எனக்கென்ன? நான் விடல. விட மாட்டேன்.

கணக்கு_தணிக்கையாளர் | மதியம் 2.10

அந்த அம்மையார் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால் இடத்தை வண்டியின் நீளத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், வீல்பேஸைப் பாருங்கள். நான்கு மீட்டருக்குள்ளேயே 2600 வீல்பேஸ் உள்ள வண்டி கிடைக்கிறது, வரியும் 18தான். பெரியவரை மறுபடி அழைத்துப் போய் அதில் உட்கார வையுங்கள். ஏறி இறங்குவதையும் பாருங்கள், கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, சீட்டு இடுப்பு உயரத்தில் இருக்கிறதா என்று. முழங்கால் ஆபரேசன் செய்தவருக்கு அதுதான் முதலில்...

மாசிவீதி_மைந்தன் | மதியம் 2.14

சார் சொல்ற வண்டி 3எக்ஸ்ஓ. அகலம் 1821. கிரெட்டாவ விட 31 மில்லி கூட. 14 கூட இல்ல, 31! ஒல்லி காம்பாக்ட்! மாப்ள எங்க போனாரு?

மேலூர்_மாப்ள | மதியம் 2.40

சாப்பிடப் போனேன். உங்களுக்கு ஞாயித்துக்கெழமையும் சோறு கெடையாதா? ஒல்லின்னு சொன்னேன், சொன்னதுதான். ஒரு வார்த்தையையும் மாத்திக்க மாட்டேன். கீழவாசல்ல ரெண்டு வண்டியையும் கொண்டாந்து ஓட்டுங்க, எத ஓட்டும்போது வேர்க்குதுன்னு பாருங்க. ஓட்டுறவன் கைக்குத் தெரியும், டேப்புக்குத் தெரியாது.

மாசிவீதி_மைந்தன் | மதியம் 2.43

வர்ற ஞாயிறு காலைல ஆறு மணி, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி. எங்க தெருமுக்குக் கல்லுகிட்ட. நீங்க காம்பாக்ட்டக் கொண்டாங்க, நான் கிரெட்டாவக் கொண்டாறேன். பங்காளியும் வரட்டும், கண்ணாடி சேத்து அளக்கட்டும். வந்த ஒடனே எங்கப்பாவப் பத்திச் சொன்னதுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்.

சிம்மக்கல்_பங்காளி | மதியம் 3.05

உங்கப்பாவப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லல. பேச்சத்தான் சொன்னேன். நைட்ரஜனுக்குப் பதில் வந்தா வர்றேன்.

மேலூர்_மாப்ள | மாலை 4.20

ஆறு மணிக்கு மேலூர்ல இருந்து எப்படி வர்றது? ஒத்தக்கடைல வைங்க.

மாசிவீதி_மைந்தன் | மாலை 4.22

ஒத்தக்கடைல நாலு வழிச் சாலை. அங்க பஸ்ஸே ஒல்லியாத்தான் தெரியும். சந்துக்கு வாங்க.

திருநகர்_தேவி | இரவு 8.50

மாமனார மறுபடி கூட்டிட்டுப் போனோம். தணிக்கையாளர் ஐயா சொன்ன மாதிரி ஏறி இறங்கிப் பாத்தாரு. ஒரு வண்டில கதவு மேல் கைப்பிடியப் புடிச்சு ஒரே எட்டுல ஏறிட்டாரு, இன்னொண்ணுல ரெண்டு தடவை நின்னு ஏறுனாரு. இன்னும் முடிவு பண்ணல.

மாசிவீதி_மைந்தன் | இரவு 8.53

ஒரே எட்டுல ஏறுனது எது? அகலம் எம்புட்டு?