வயதானதால் என்று நினைத்திருந்தோம்: தோல் பராமரிப்பில் எங்கள் அனுபவங்கள்

பாளையங்கோட்டை, 57 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை

மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தோலைத் திடமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடக்கூடும் என்பதை நான் பிற்பாடுதான் அறிந்துகொண்டேன். 51 வயதில் எனக்கு மாதவிடாய் நின்று, அடுத்து வந்த மார்கழியில் கன்னமும் கழுத்தும் வறண்டு செதில் உதிர்ந்தபோது, பனிக்காற்றைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடலை மாவும் மஞ்சள் சோப்பும் இளமையில் ஒத்துக்கொண்டவை என்பதால் அவற்றை இன்னும் அழுத்தித் தேய்த்தேன், வறட்சி அதிகமாயிற்று. அதே காலத்தில் நெற்றியின் ஓரத்திலும் காதுக்கு முன்புறத்திலும் சாம்பல் கலந்த கருமை படர்ந்தது. வீட்டில் எல்லோரும் அதை மங்கு என்றார்கள், வயதானால் வருவதுதான் என்றார்கள், நானும் நம்பினேன்.

பிறகு வாங்கத் தொடங்கினேன். முதலில் வைட்டமின் சி சீரம். அதைச் சன்னலோரத்து மேசையில், வெளிச்சம் நன்றாகப் படும் இடத்தில் வைத்திருந்தேன். ஒரே மாதத்தில் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு மாறிவிட்டது. காற்றும் ஒளியும் பட்டால் அது ஆக்சிஜனேற்றமாகிப் பயன் இழக்கும் என்பதை அறியாமல், சாறு இறங்கியிருக்கிறது என்று எண்ணி மீதியையும் பூசித் தீர்த்தேன். பத்தாம் வகுப்புக்கு முப்பது ஆண்டுகள் அறிவியல் நடத்தியவள் நான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

அதன் பின் நடந்ததுதான் பெரிய தவறு. மருந்துக்கடை ஒன்றில் "மங்குக்கு நல்ல கிரீம்" என்று கேட்டு, சீட்டு எதுவும் இல்லாமலே ஒரு டியூப் வாங்கினேன். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சிட்டது; பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்றாவது மாதம் கன்னம் சிவந்து, வெயிலில் நின்றால் எரிந்து, தாடையோரத்தில் மெல்லிய முடி வளர ஆரம்பித்தது. நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பானது, பூசினால் அடங்கியது. டியூபின் பக்கவாட்டிலிருந்த சிறிய எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், மொமெட்டசோன் என்று இருந்தது. கடைசியில் உள்ளது ஸ்டீராய்டு. இதுபோன்ற 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு விதி கொண்டுவந்திருப்பது எனக்கும் தெரியவில்லை, விற்றவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

தோல் மருத்துவரிடம் போனபோது, முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று அவர் முதலில் கேட்கவில்லை; தலைக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக இருபது நாளுக்கு ஒருமுறை டை அடிப்பதைச் சொன்னேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய, பல பொருள்கள் வைத்த சிறு சிறு பட்டைகளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார். பாராஃபெனிலீன்டையமின் வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. டையில் கருநிறம் பிடிக்க வைப்பது அதுதான். அரிப்பு பெரிதாக இல்லாமலே அது முகத்தின் ஓரங்களில் கருமையை உண்டாக்கும் என்றும், கறுப்பு மருதாணி என்று விற்கும் பொட்டலங்களிலும் அது கலந்திருப்பது உண்டு என்றும் விளக்கினார். அத்தனை ஆண்டுகளாக நான் வயதின் மேல் போட்ட பழி முழுவதும் அந்த டைக்கு உரியது.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்லக் குறைத்து விடுவித்தார். டையை விட்டேன். நரைத்த தலையோடு ஒரு திருமணத்துக்குப் போனபோது மூன்று பேர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். கருமை பாதிக்கு மேல் மங்க ஓராண்டு தாண்டியது. காதோரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இப்போது காலையில் வெறும் தண்ணீர், கிளிசரின் கலந்த மாய்ஸ்சுரைசர், சன்ஸ்கிரீன். இரவில் சோப்பில்லாத ஃபேஸ்வாஷ், தோலின் ஈரத்தைக் காக்கும் செராமைடு என்ற கொழுப்பு உள்ள கிரீம். எரிச்சல் முற்றிலும் தணிந்து ஐந்து மாதம் ஆன பிறகே ரெட்டினால் தொடங்க அனுமதித்தார். முகப்பருவுக்காக வந்த டிரெட்டினோயின் என்ற ரெட்டினாயிக் அமிலம் சுருக்கத்தையும் குறைப்பதை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் கவனித்து ஆராய்ந்ததும், மெல்லிய சுருக்கங்களுக்கு 1995-இல் அங்கே அனுமதி கிடைத்ததும் என் மருத்துவர் சொல்லித்தான் தெரியும். தோலுக்குள் போய் அதே அமிலமாக மாறுகிற, வேகம் குறைந்த உறவுதான் ரெட்டினால். பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டு இரவு, மாய்ஸ்சுரைசர் பூசியதன் மேல். முதல் ஆறு வாரம் உதட்டோரம் உரிந்தது. நான்காம் மாதத்தில்தான் கண்ணோரத்துக் கோடுகள் சற்றே மென்மையானதாகத் தெரிந்தது, அதுவும் நான் கண்ணாடியை நெருங்கிப் பார்த்ததால்.

சன்ஸ்கிரீன் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயில் சுடுவதை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெறப்படுவது. முகத்துக்கு மட்டும் அது ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். அப்படியானால் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதம்கூட வராது. எனக்கு அது ஐந்து மாதம் வந்துகொண்டிருந்தது.

சேலம், 62 வயது, மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர்

ஆசிரியையின் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் முகத்துக்கு எதையும் பூசியவன் அல்லன். சேலத்துக்கும் கோவைக்கும் இடையே 26 ஆண்டுகள் கார் ஓட்டினேன். முகம் மழிக்கும்போது ஒருநாள் சலூன்காரர்தான், "சார், வலது கன்னம் மட்டும் உங்களைவிடப் பத்து வயது மூத்ததாக இருக்கிறதே" என்றார். பார்த்தால் உண்மை. வலப்பக்கம் தோல் தடித்து, ஆழமான சுருக்கமும் புள்ளிகளும். இடப்பக்கம் ஏறக்குறைய வழுவழுப்பு.

காரின் முன் கண்ணாடி இரண்டடுக்காக இருப்பதால், தோலை மூப்படையச் செய்யும் புற ஊதா ஏ கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடி அப்படி இல்லை. தோலைச் சுடும் பி கதிரை அது நிறுத்திவிடுவதால் நமக்கு எரிவதில்லை, எரியாததால் வெயில் படவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படத்தை 2012-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டிருந்தது. அவருக்கு இடப்பக்கம், அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். அதே 2012-இல்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நம் கார்களிலிருந்த கறுப்பு ஃபிலிமை உரித்தோம். தீர்ப்பைக் குறை சொல்லவில்லை; அந்தக் கோடையிலாவது நான் எதையேனும் பூசியிருக்கலாம்.

இப்போது எஸ்பிஎஃப்போடு 'பிஏ' என்ற எழுத்துக்குப் பின் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்றும் பார்த்து வாங்குகிறேன், ஏ கதிருக்கான அளவு அதுவே. முதலில் வாங்கியது என் நிறத்துக்கு விபூதி பூசினாற்போல் நின்றது, பேத்தி சிரித்தாள். சற்றுப் பழுப்பு நிறம் சேர்த்ததை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியால் கருமை கூடுவதையும் ஓரளவு தடுக்கிறதாம். வலப்பக்கம் இடப்பக்கத்தைப் போல ஆகிவிடும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

திருச்சி, 38 வயது

என் அனுபவம் அம்மாவைப் பற்றியது, சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு 60 வயது. பிடரியும் அக்குளும் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தன. வயதானால் அழுக்கு சேரும் என்று எலுமிச்சம்பழத்தில் சர்க்கரையைத் தொட்டு நாள்தோறும் தேய்த்தார்; தோல் புண்ணானது. நான் என் பங்குக்கு வயதுக்குறி நீக்கும் கிரீம் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். மருத்துவர் கழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் கிரீம் எதுவும் எழுதாமல் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இப்படிக் கறுக்கும் என்றார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.1 சதவீதம் என்று வந்தது, சர்க்கரை நோய்தான். அம்மா இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறார், மாலையில் நடக்கிறார், ஆறு கிலோ குறைந்திருக்கிறார். பிடரியின் தடிப்பு பாதி இறங்கியிருக்கிறது. குளித்தவுடன் ஈரத்தின் மேல் மாய்ஸ்சுரைசர் தவிர வேறெதுவும் அதற்குப் பூசுவதில்லை.