ஆக்சிஜன் வகுப்புக்கு கேஸ் உதாரணங்கள் கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். ஐசியூவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கு ஆக்சிஜன் சிகிச்சை பற்றி வகுப்பு எடுக்கிறேன். கருவிகளைச் சொல்லித்தருவது சுலபம். ரிசர்வாயர் பை வைத்த மாஸ்க் என்றால் பையை நிரப்பிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், மூச்சை இழுக்கும்போது பை சப்பிப்போனால் ஃப்ளோவைக் கூட்ட வேண்டும் என்று செய்து காட்டினால் போதும்.

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் விஷயம்தான் சிக்கல். அவர்களுக்குப் பொதுவாக ரத்த ஆக்சிஜன் செறிவு 88–92 சதவீதம்தான் இலக்கு. ஆனால் திணறலைப் பார்த்ததும் கை தானாக ஃப்ளோமீட்டரைத் திருகிவிடுகிறது. 98 வந்தால் நிம்மதி வேறு! ஆனால் ஆக்சிஜன் அதிகமாகி உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை விரலில் மாட்டிய புரோப் காட்டாதே.

இதைப் புரியவைக்க ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) ரிப்போர்ட்டோடு கூடிய கேஸ்கள், வென்சுரி மாஸ்க் (ஆக்சிஜனைக் குறிப்பிட்ட சதவீதத்தில் தரும் மாஸ்க்) செய்முறைப் பயிற்சிகள் யாரிடமாவது இருக்கிறதா? நோயாளி பெயரை நீக்கிவிட்டுப் பகிருங்கள், ப்ளீஸ்.