கருந்துளைக்குள் ஒருமைப்புள்ளி இல்லாமல் வெறும் பாயி இருக்க முடியுமா?

கிளி_மாணவன்:
கிளிநொச்சியில் உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிறேன். கருந்துளையின் நடுவில் அடர்த்தி முடிவிலி என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஒரு காணொளியில் அது ஒருவகைப் பாயி (திரவம், வாயு மாதிரி ஓடக்கூடிய பொருள்), அந்த முடிவிலிப் புள்ளியான ஒருமைப்புள்ளியே கிடையாது என்றார்கள். அமுக்கம் தாங்கினால் நட்சத்திரம் மாதிரி நிற்கலாம்தானே? பிறகு கருந்துளைக்குள் ஒருமைப்புள்ளி வரும் என்று கணிதத்தால் காட்டிய பென்றோஸுக்கு 2020இல் ஏன் நோபல்?

வன்னிவான்:
தம்பி, சாதாரண அமுக்கம் தாங்காது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் அமுக்கமும் ஈர்ப்பைக் கூட்டும். அடர்த்தி மாறாத பாயிக் கோளம் ஒன்றை சுவாட்ஷில்ட் 1916இலேயே கணித்துவிட்டார். அதன் ஆரை நிகழ்வெல்லை (தாண்டினால் ஒளியும் திரும்பாத எல்லை) ஆரையின் 9/8 மடங்குக்கு இறங்கினால் நடுவில் முடிவிலி அமுக்கம் வேண்டும். அதனால்தான் 2001இல் மசூரும் மொட்டோலாவும் கருந்துளைக்குப் பதிலாகத் தாங்கள் முன்வைத்த 'கிராவஸ்டார்' என்ற கோட்பாட்டுப் பொருளுக்குள் எதிர் அமுக்கத்தை வைத்தார்கள், அது வெளியே தள்ளும். சுற்றிவர மிக விறைப்பான பாயியில் ஒரு மெல்லிய ஓடு. ஓடு நிகழ்வெல்லை வரவேண்டிய இடத்துக்குச் சற்று வெளியிலேயே நின்றுவிடுவதால் பென்றோஸின் 1965 தேற்றம் பொய்யாகவில்லை, ஒளியே வெளியேற முடியாத 'சிக்கிய பரப்பு' உருவானால் என்றுதான் அந்தத் தேற்றம் தொடங்குகிறது, இங்கே அது உருவாகவே இல்லை.

முல்லை_ரீச்சர்:
காணொளிக்காரர் இரண்டு விஷயத்தைக் கலந்திருப்பார் என்று நினைக்கிறேன். 1981இல் இயற்பியலாளர் ஊன்ரூ சொன்னது வேறு: ஒலியைவிட வேகமாக ஓடும் பாயியில் ஒலி திரும்பி வராது. மாரியில் இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கும்போது பாரும் (தள்ளி நின்று!), கதவடியில் தண்ணீர் சீறும் இடத்தில் ஒரு கல் விழுந்தால் அலை மேல்பக்கம் ஏறவே ஏறாது, அப்படியே கீழே அள்ளுண்டு போகும். ருபீடியம் அணுக்களைக் கடுங்குளிராக்கி 2016இல் ஸ்டைன்ஹவர் காட்டிய ஹோக்கிங் கதிர்ப்பும் (கருந்துளையின் எல்லையிலிருந்து மெல்லக் கசியும் என்று ஹோக்கிங் சொன்ன கதிர்ப்பின் ஒலி வடிவம்) இந்த வகைதான். மிக அருமையான பரிசோதனை, ஆனால் வானத்துக் கருந்துளை எதனால் ஆனது என்று அது சொல்லாது.

கிளி_மாணவன்:
நன்றி ரீச்சர். சரி, கிராவஸ்டாரா கருந்துளையா என்று எப்படிப் பிடிப்பது?

வன்னிவான்:
ஈர்ப்பலையில், அதாவது கனமான பொருள்கள் மோதும்போது வெளியில் பரவும் அதிர்வில். அப்படி இரண்டு பொருள் மோதி ஒன்றானபின் ஓடு இருந்தால் எதிரொலி மாதிரி சின்னச் சின்ன அலைகள் தொடர வேண்டும். 2015 செப்டெம்பர் 14இல் லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வுக்கூடம் பிடித்த முதல் சைகையிலேயே தேடினார்கள், எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு இந்தக் கருத்தில் நல்ல விருப்பம், ஆனாலும் சொல்கிறேன், இடிந்து விழுகிற நட்சத்திரம் எந்த வழியால் எதிர் அமுக்கப் பாயியாக மாறும் என்பதை இன்னும் ஒருவரும் திருப்தியாகக் காட்டவில்லை.