மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928 பாட்டு: கிட்டார் ஒண்ணா ரெண்டா?

கிருஷ்ணகிரி_மல்கோவா:
ஒரு டவுட்டுங்க. கிட்டார் கத்துக்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆகுது. மாம்பழ சீசன்ல கூழ் ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு பஸ் ஸ்டாண்ட்ல முதல் பஸ்ஸுக்கு உக்காந்திருந்தப்ப யூடியூப்ல தானா ஒரு பாட்டு வந்துச்சு, மிசிசிப்பி ஜான் ஹர்ட்னு ஒரு அமெரிக்க ப்ளூஸ் பாடகர் பேரு போட்டிருந்துச்சு, 1928ல பதிஞ்சதாம். கீழ ஒருத்தர் விடாம தும் தும்னு போட்டுட்டே இருக்காரு, மேல இன்னொருத்தர் மெட்டை வாசிக்கிறாரு, ஆனா ஒரே ஆளு பேருதான் இருக்குது. ரெண்டு கிட்டாரா? அப்புறம் 1928 பாட்டுன்னு 13தான் கிடைக்குது, அடுத்தது நேரா 1963. நடுவுல 35 வருஷம் மனுஷன் எங்கதான் போனாரு?

பாப்பாரப்பட்டி_பம்பை:
ஒரே கிட்டார், ஒரே ஆளு. நம்ம ஊர் பம்பைய பாத்ததில்லையா தம்பி? ரெண்டு உருளைய சேத்து கட்டி ஒருத்தரே அடிப்பாரே, அது மாதிரிதான். கட்டைவிரல் பேஸ் தந்தில, அதாவது கனமான சத்தம் தர்ற தடிமனான தந்திகள்ல மாறி மாறி நடந்துட்டே இருக்கும், மெட்டு ரெண்டு விரலோட வேலை.

தகடூர்_ரெக்கார்டு:
எங்கயும் போகல, ஊர்லயே இருந்தாரு. 1928 பிப்ரவரில மெம்ஃபிஸ்ல ஓக்கேங்கிற இசைத்தட்டு கம்பெனிக்கு 8 பாட்டு பாடுனாரு, வெளிய விட்டது 2. டிசம்பர்ல நியூயார்க்குக்கு கூட்டிட்டுப் போய் இன்னும் பதிஞ்சாங்க. இசைத்தட்டு சரியா விக்கல, அடுத்த வருஷம் பொருளாதாரமே சரிஞ்சுது, இவரு அவலான்ங்கிற சின்ன ஊருக்குத் திரும்பி விவசாய வேலைக்குப் போயிட்டாரு. 1952ல வந்த ஒரு பழைய பாட்டுத் தொகுப்புல இவரோட ரெண்டு பாட்டு சேந்துச்சு, ஆளு இருக்காரா இல்லையான்னே அப்ப யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம்தான் கூத்து: நியூயார்க்ல பதிஞ்ச ஒரு பாட்டுல அவலான்தான் என் ஊருன்னு பாடி வச்சிருக்காரு, அதை வச்சு பழைய மேப்ல ஊரைத் தேடிப் புடிச்சாங்க, டாம் ஹாஸ்கின்ஸ்னு ஒருத்தர் 1963ல நேரா போய் நின்னாரு, ஹர்ட் என்னன்னா எஃப்பிஐ போலீஸ் வந்துட்டாங்கன்னு பயந்துட்டாராம் :) அதே வருஷம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடை, நிறைய ரெக்கார்டிங். 1966ல இறந்துட்டாரு.

கிருஷ்ணகிரி_மல்கோவா:
அண்ணா, அட்ரஸையே பாட்டுல வச்சிட்டாரே! சரி, கட்டைவிரல் எப்படி பழகுறது? மெட்டு வாசிச்சா அதுவும் கூடவே ஓடுது.

பாப்பாரப்பட்டி_பம்பை:
பத்து நாள் மெட்டை மறந்துடு. சி கார்டு புடிச்சு அஞ்சாவது தந்தி, நாலாவது தந்தி, திரும்ப அஞ்சு, நாலு. டிவி பாத்துக்கிட்டே போடு, அம்மா திட்டுற வரைக்கும். யாராச்சும் பேசும்போது பதில் சொல்லியும் விரல் நிக்காம இருந்தா அப்புறம் மேல ஒரு நோட் சேரு, ஒண்ணே ஒண்ணு. அவரு கத்தி பாட மாட்டாரு, திண்ணைல பேசுற மாதிரி பாடுவாரு, அதுக்கே இந்த நிதானம் வேணும்.

காரிமங்கலத்தான்:
இதைப் படிச்சதும் எங்க பெரியப்பா ஞாபகம் வந்துடுச்சு. பாரதக் கூத்துல திரௌபதி வேஷம் கட்டுவாரு. 95 வாக்குல ஒரு கேசட் கடைக்காரர் ராத்திரி முழுக்க பாட வச்சு பதிஞ்சிட்டு ரெண்டு வேட்டியும் 200 ரூபாயும் குடுத்தாரு, கேசட் மேல பேரு கூட போடல. பெரியப்பா நடுவுல "காரிமங்கலம் சபையோருக்கு வணக்கம்"னு பாடுவாரு, அதை வச்சுதான் போன பொங்கலுக்கு சந்தைல பழைய கேசட் குவியல்ல கண்டுபுடிச்சேன். டேப் நடுவுல சுருங்கி இருக்குது. தர்மபுரி பக்கம் ஓடுற கேசட் டெக் யார்கிட்டயாச்சும் இருக்குதா?

தகடூர்_ரெக்கார்டு:
என்கிட்ட இருக்குது. நீங்க எதுலயும் போட்டு ஓட்டிப் பாக்காதீங்க, அப்படியே எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பேன்.