மறுமொழி: விடுதி அறைத் தண்ணீர்க் கருவிக்கு ‘வடிசாடி’

குழுவினர்க்கு வணக்கம்.

கல்லூரி விடுதியில் முதன்முறையாகத் தங்கவிருக்கும் மாணவர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில், குடிநீர்க் கருவி பற்றிய பகுதிக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். கைப்பிடியும் மூக்கும் உடைய ஒரு பாத்திரம். அதன் மேல்தட்டில் ஊற்றிய குழாய்நீர், கரி அடைத்த சிறு உருளை ஒன்றின் வழியே கீழ்த்தட்டுக்கு இறங்கும். சுவரில் துளையிட வேண்டாம், குழாயில் இணைக்க வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்பதால், அறையில் எதையும் மாற்றியமைக்க முடியாத மாணவர் பெரும்பாலும் வாங்குவது இதைத்தான். ‘நீர் வடிகட்டி’, ‘தூய்நீர்ச்சாடி’, ‘கரிச்சாடி’ என மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் ஒரு வாரமாக எழுதியும் வாசித்தும் பார்த்த பிறகு, ‘வடிசாடி’ என்ற நான்காவது சொல்லை முன்வைக்கிறேன்.

புழக்கத்தில் ‘வடிகட்டி’ இருக்கையில் புதுச்சொல் எதற்கு என்று குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தது நியாயமான கேள்வி. வழங்கிவரும் சொல்லைக் காரணமின்றி ஒதுக்குவதை நானும் ஏற்பதில்லை. ஆனால் இங்கே காரணம் இருக்கிறது. வடிகட்டுதல் என்றதும் கண்முன் வருவது, நீர் கண்ணறைகள் வழியே இறங்க, கசடு மேலே தங்கிவிடும் காட்சி. அதனால்தான் பேச்சில் ‘வடிகட்டிய பொய்’ என்றால் வேறெதுவும் கலவாத முழுப்பொய் என்று பொருள்கொள்கிறோம். அந்த முழுமையைச் சொல் தன்னோடு சுமந்து வருகிறது. ஒரு மாணவரிடம் ‘இது வடிகட்டிய நீர்’ என்று சொன்னால், கிருமி உட்பட வேண்டாதவை எல்லாம் நீங்கிவிட்டன என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

இந்தப் பாத்திரத்தின் உள்ளே நடப்பதோ வேறு. குளோரின் கரியோடு வினைபுரிந்து குளோரைடாக மாறுகிறது. நாற்றமும் சுவைக்கேடும் தரும் கரிமச் சேர்மங்களைக் கரியின் பரப்பு பற்றிக்கொள்கிறது. நுண்துளைகள் மிகும்படி செயலூட்டிய இந்தக் கரியில் ஒரு கிராமின் உட்பரப்பே 500 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் என்பதால், கையளவு உருளைக்குள் இத்தனையும் நடக்க இடமிருக்கிறது. உடன் சேர்த்திருக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின், காரீயம் போன்ற உலோக அயனிகளில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு வேறு அயனிகளை விடுகிறது. (கையேட்டில் ‘ஈயம்’ என்று மட்டும் எழுதினால் வெள்ளீயத்தோடு குழம்பும், ‘காரீயம்’ என்றே எழுதுவோம்.) இவற்றில் எதுவும் கண்ணறையில் தடுத்து நிறுத்தும் வேலை அன்று. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.2 மைக்ரோமீட்டரிலிருந்து சில மைக்ரோமீட்டர் வரை அளவுடையவை, வைரஸ்களோ 0.02 மைக்ரோமீட்டர் அளவுக்குக்கூடச் சிறியவை. இத்தகைய பாத்திரங்களின் கரிமணிகளுக்கு இடையிலான வழிகள் இவற்றைத் தடுக்கும் அளவுக்கு நுண்ணியவை அல்ல.

ஆகவே ‘வடிகட்டி’ என்ற சொல்லை, உண்மையிலேயே துளையின் அளவால் தடுக்கும் கருவிகளுக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. 0.1 மைக்ரோமீட்டர் துளைகளுடைய நுண்குழலிழைக் கருவிகள் பாக்டீரியாவைத் தடுக்கின்றன; அவை வடிகட்டிகள். ‘எதிர்ச் சவ்வூடு பரவல்’ (ஆர்.ஓ.) கருவிக்கு அதன் பெயரே போதும். கழிவுநீர் வெளியேறும் வழியை வேண்டி நிற்கும் அந்தக் கருவி விடுதி அறைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. புற ஊதா விளக்கு எதையும் தடுத்து நிறுத்துவதில்லை, நீரிலுள்ள கிருமிகளைச் செயலிழக்கச் செய்கிறது, அதுவும் நீர் தெளிவாக இருந்தால்தான்; அதைக் ‘கிருமிநீக்கி’ என்ற பிரிவில் வைக்கலாம்.

‘தூய்நீர்ச்சாடி’ கேட்க இனியது. ஆனால் ‘வடிகட்டி’யின் குறையே இதில் இன்னும் வலுவாக இருக்கிறது: கருவி தர முடியாத ஒன்றைப் பெயர் உறுதியளிக்கிறது. கிணற்று நீரையோ கலங்கிய நீரையோ இதில் ஊற்றி ஒரு மாணவர் நம்பிக் குடித்தால், அதில் பெயர் வைத்த நமக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ‘கரிச்சாடி’யை முன்மொழிந்த அம்மையாரின் எண்ணம் சரியானது, செயல்படும் பொருளைப் பெயரிலேயே காட்டுகிறது. ஆயினும் ஊறுகாய்ச்சாடி, உப்புச்சாடி என்ற வரிசையில் அது கரியைப் போட்டுவைக்கும் சாடியாகிவிடுகிறது.

இனி ‘வடிசாடி’க்கு வருகிறேன். ‘வடி’ என்பதும் அதே வேர்தானே, அதே மயக்கம் வராதா என்று கேட்கலாம். இங்கே தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு நமக்கு உதவுகிறது. வடித்தலும் வடிகட்டுதலும் ஒருவர் செய்வது. வடிதல் நீர் தானே செய்வது. வெள்ளம் வடிகிறது, வியர்வை வடிகிறது. வடிகால், வடிநிலம் என்னும் சொற்களில் தூய்மை பற்றிய பேச்சே இல்லை. நீர் தன் எடையால் கீழே இறங்குவது மட்டுமே இருக்கிறது. இந்தப் பாத்திரத்தின் சிறப்பும் அதுதான்: குழாய் அழுத்தமும் மின்சாரமும் இல்லாமல் புவியீர்ப்பால் நீர் இறங்குகிறது. வடிகால் போலவே ‘வடிசாடி’யும் வினைத்தொகையாக நின்று, நீர் வடிந்த, வடிகின்ற, வடியும் சாடி என முக்காலத்துக்கும் பொருந்துகிறது. ‘குடுவை’யைத் தவிர்த்ததற்குக் காரணம், கூம்புக் குடுவை முதலிய ஆய்வகப் பொருள்களின் நினைவு அதில் ஏறிவிட்டது. மூக்குடைய பாத்திரத்துக்குக் ‘கெண்டி’ மிகப் பொருத்தமான பழஞ்சொல். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையேட்டைப் படிக்கும் பதினேழு வயதினர் அதை அகராதியில் தேட நேரும். ‘சாடி’யைத் தேட வேண்டியதில்லை.

உள்ளே செருகும் உருளையைச் சிலர் ‘தோட்டா’ என்கிறார்கள். துப்பாக்கியை நினைவூட்டும் சொல் குடிநீருக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. ‘கரிப்பொதி’ என்று வைத்திருக்கிறேன். பரப்பில் பற்றிக்கொள்ளும் நிகழ்வுக்குப் பாடநூல்களில் ‘பரப்புக்கவர்ச்சி’ இருக்கிறது. ‘புறத்துறிஞ்சல்’ என்றும் எழுதுகிறார்கள். முன்னதில் ‘கவர்ச்சி’க்கு இன்று வேறு சாயல் படிந்துவிட்டது; பின்னதில் உள்ள ‘உறிஞ்சல்’, பொருளை உள்ளே இழுத்துக்கொள்வதாகக் காட்டி, நாம் விலக்க விரும்பும் கருத்தையே தருகிறது. கையேட்டில் பெயர்ச்சொல்லைத் தவிர்த்து ‘பற்றிக்கொள்ளும்’ என்ற வினையாலேயே எழுதிவிடுகிறேன். பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்றால் ‘மேற்பற்றல்’ பொருந்துமா என்று வேதியியல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஒரு சொல் நிற்குமா என்பது வாக்கியத்தில் வைத்தால்தான் தெரியும் என்பதால், கையேட்டின் வரைவிலிருந்து ஒரு பகுதியைத் தருகிறேன். திருத்தங்களை இதன் மீதே எழுதுங்கள்:

“விடுதிக் குழாயில் வருவது கிருமி நீக்கப்பட்ட நீர்தான், சுவையும் குளோரின் நாற்றமும் மட்டுமே குறை என்றால் வடிசாடி போதும். உறையில் என்.எஸ்.எஃப் 42 (குடிநீர்க் கருவிகளுக்கான ஒரு தரநிலை எண்) என்றிருந்தால் சுவை, நாற்றம், குளோரின் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்பட்டது. காரீயம் பற்றிய கவலை இருந்தால் 53 என்ற எண்ணையும், அதன்கீழ் காரீயத்தின் பெயரையும் பாருங்கள். கிருமி பற்றிய ஐயம் இருந்தால் வடிசாடியை நம்ப வேண்டாம். நீரைக் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது கிருமிநீக்கி வேண்டும். பல கரிப்பொதிகள் 100 முதல் 150 லிட்டர் வரை தாங்கும். நாளொன்றுக்கு 2 லிட்டர் என்றால் ஐம்பது முதல் எழுபத்தைந்து நாள். மாற்றிய தேதியைச் சாடியின் அடியில் எழுதி ஒட்டுங்கள். குளோரின் நீங்கிய ஈரக்கரியில் பாக்டீரியா வளரும் என்பதால், நீண்ட விடுமுறைக்குப் பின் பழைய கரிப்பொதியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.”