கிரான்பியில் இறங்கியபோது தெரிந்துகொண்ட பெயர்

அமெரிக்காவில் டென்வர் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த சமயம், மலைக்கு நடுவே இருக்கிற கிரான்பிக்குப் போய் இறங்கிப் பழகலாம் என்றார் என் பயிற்சியாளர். அங்கே தரையே கடல்மட்டத்திலிருந்து சுமார் 8,200 அடி உயரம். காற்று அங்கே அவ்வளவு மெல்லிசு, கிளம்பும் முன் சிவப்புக் குமிழை மெல்ல வெளியே இழுத்து காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைத்தால்தான் எஞ்சின் ஒழுங்காக இழுக்கும், அப்படியும் எங்கள் சின்ன செஸ்னா விமானம் வழக்கத்தைவிட வெகுதூரம் ஓடித்தான் தரையை விட்டது. அந்த விமானத் தளத்தின் பெயர் எமிலி வார்னர் ஃபீல்ட். யார் இவர் என்று கேட்டேன், திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கதைதான்.

டென்வரில் 1939-இல் பிறந்தவர். விமானப் பணிப்பெண் ஆகலாம் என்று நினைத்திருந்த பெண், ஒரு பயணத்தில் காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. கடையில் வாரச் சம்பளம் 38 டாலர், அதில் மூன்றில் ஒரு பங்கு பறக்கும் பாடத்துக்கே போனது. அப்புறம் அவரே பயிற்சியாளர் ஆனார். எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான்: அவரிடம் கற்ற ஆண்கள் ஒவ்வொருவராக ஏர்லைன்களில் வேலைக்குச் சேர்கிறார்கள், கற்றுக்கொடுத்தவரோ 1960-களின் பிற்பகுதியிலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறார், கையில் 7,000 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தும் பதில் இல்லை. திறமை போதவில்லை என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவருக்கு முன் 1934-இலேயே ஹெலன் ரிச்சி ஓர் ஏர்லைனில் துணை விமானியாகச் சேர்ந்தார், ஆனால் விமானிகள் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டுவிட்டார். அதற்கப்புறம் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்தக் கதவு அடைத்தே கிடந்தது.

1973 ஜனவரியில் ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் எமிலியை எடுத்தது. அதற்கு முன் சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே பறப்பதுபோலப் பழக்கும் இயந்திரத்தில், உட்கார வைத்துச் சோதித்தார்கள், அவர் அதுவரை ஓட்டியே இராத பெரிய விமானத்தின் சிமுலேட்டர் அது, அதிலும் தேறினார். அடுத்த மாதமே போயிங் 737-இல் டென்வரிலிருந்து லாஸ் வேகஸுக்குப் பறந்தார். மறு வருஷம் விமானிகள் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர், 1976-இல் கேப்டன். அன்று போட்ட சீருடை இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய பிற்கால வேலை. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் தேர்வாளராகி, ஆயிரக்கணக்கான பேர் பறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தேறினார்களா இல்லையா என்று முடிவு சொன்னார். 2020-இல் காலமானார்.