யானை எத்தனை மணிக்குத் தொண்டைமானாறு போய்ச் சேர்ந்தது?

ஒரு கதையையோ பாட்டையோ படத்தையோ தேவைக்கு மேல் யோசிக்கிறவர்களைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூலை, கிளிநொச்சி. பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வருவதற்கு முந்திய நாட்கள். பெற்றோல் வரிசை ஏ9 வீதியோரமாக நீண்டு, வேப்பமர நிழல் கிடைத்தவன் பாக்கியசாலி என்றிருந்த காலம். முன்தினம் இரவே மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். எனக்கு முன்னால் பழைய ஹொண்டா ஒன்று. அதன் சொந்தக்காரர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். இருக்கையில் ஒருக்களித்து அமர்ந்து, அட்டை கிழிந்து நூலால் தைத்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘பொன்னியின் செல்வன்’, இரண்டாம் பாகம். படத்தின் முன்னோட்டம் அந்த மாதம்தான் வந்து எல்லோருடைய கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது.

“படம் வருமுன் படித்து முடிக்கப் போகிறீர்களா ஐயா?” என்று கேட்டுவைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் கேள்வி எவ்வளவு சிறுபிள்ளைத்தனமானது என்று விளங்கிவிட்டது.

“தம்பி, இந்த யானை என்ன வேகத்தில் ஓடியிருக்கும் என்று நினைக்கிறீர்?”

ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஐந்து பாகமும் வைத்திருந்தாராம். 2009 இல் எங்கோ போய்விட்டன. பிறகு யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகக்காரரிடம் இந்த ஒரு பாகத்தை மட்டும் வாங்கினாராம். “மற்றவை தஞ்சாவூர்க்காரர்களுக்கு. நம்முடைய இடம் வருவது இதில்தான்.”

உண்மைதான். கதாநாயகன் வந்தியத்தேவன் மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்துக்கு வருவதும், ஆனையிறவு ‘யானை இறவு’ என்ற பெயரோடு வருவதும் இந்தப் பாகத்தில். இளவரசரும் பூங்குழலியும் ஏறிய யானை மிரண்டுவிட்டதென்று எல்லோரும் பதற, அது தொண்டைமானாற்றை நோக்கி ஓடும் கட்டம் பலருக்கு நினைவிருக்கும். நானும் படித்தவன்தான். ஆனால் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு படபடத்ததே தவிர, கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

அவருக்குத் தோன்றியிருந்தது. என் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் படிந்திருந்த செம்புழுதியில் சுட்டுவிரலால் ஒரு கோடு இழுத்தார். அது கடனீரேரி. மேலே ஒரு வளைவு, யாழ்ப்பாணக் குடாநாடு. வடக்குக் கரையில் ஒரு புள்ளி, தொண்டைமானாறு. “ஆனையிறவிலிருந்து நேர்கோட்டில் பிடித்தாலே நாற்பது கிலோமீற்றருக்கு மேல். யானை மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடும். ஆனால் கொஞ்சத் தூரத்துக்குத்தான். நாலு காலையும் ஒருசேர உயர்த்தி அது குதிரையைப் போலப் பாயாது. நடைக்கு இறங்கினால் மணிக்கு ஆறு. அப்படிப் பார்த்தால் ஏழு மணித்தியாலம்.”

“மிரண்ட யானை அல்லவா ஐயா?”

“மிரண்ட யானைக்கும் தாகம் எடுக்கும். ஒரு நாளைக்கு நூறு லீற்றருக்கு மேல் குடிக்கிற சீவன். குடாநாட்டில் ஆறு எங்கே இருக்கிறது? தொண்டைமானாறே பெயரில்தான் ஆறு, தண்ணீர் உவர். எங்கே குடித்தது, சொல்லும்.”

வெற்றுத் தாங்கியோடு நின்றுகொண்டிருந்த எனக்கு யானையின் நிலைமை நன்றாகவே புரிந்தது.

இதற்குள் பின்னால் நின்ற ஓட்டோக்காரர் வந்து சேர்ந்துவிட்டார். அவர் கதையைப் படித்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். அது அவரைத் தடுக்கவில்லை. மாதோட்டத்துக்கு வந்தவர்கள் பூநகரியால் ஏறி சங்குப்பிட்டிப் பாலத்தால் போயிருந்தால் எவ்வளவு சுருக்கம் என்றார். “பாலம் 2011 இல் திறந்தது, கதை பத்தாம் நூற்றாண்டு” என்றார் ஐயா, சிரிக்காமல். ஓட்டோக்காரர் விடவில்லை. அப்போது அந்த இடத்தில் ஆழம் எவ்வளவு, வற்றுப்பெருக்கு எப்படி, யானை நீந்தாதா என்று கேட்டுக்கொண்டே போனார். நீந்தும்தான். ஐயா புழுதி வரைபடத்தில் பூநகரியையும் சேர்க்க வேண்டியதாயிற்று. இடம் போதாமல் கோடு என் பக்கக் கண்ணாடியில் ஏறியது.

அடுத்து பெயர். ‘இறவு’ என்றால் என்ன? யானைகள் இறந்த இடம் என்று நான் சிறுவயதில் நினைத்ததைச் சொன்னேன். பழந்தமிழில் இறத்தல் என்றால் கடத்தல் என்றும் பொருள், சுரம் இறந்து போனான் என்றால் பாலையைக் கடந்து போனான் என்று ஐயா விளக்கினார். யானைகள் கடந்த துறை. நான் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே ஓட்டோக்காரர், “இறால் இருக்கிற இடமென்றும் சொல்லலாமே” என்றார் விளையாட்டாக. ஐயா இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு, “சங்க இலக்கியத்தில் இறாலுக்கும் இறவு என்று பெயர் இருக்கிறது” என்று மெல்லச் சொன்னார். ஐயாவின் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். தோற்றுப்போன முகம் அல்ல. இன்னும் ஒரு வாரத்துக்கு யோசிக்க ஏதோ கிடைத்துவிட்ட முகம்.

பதினொரு மணிக்குப் பெற்றோல் முடிந்துவிட்டது என்றார்கள். எங்களுக்கு முன்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். திட்டிக்கொண்டே எல்லோரும் கலைந்தார்கள். ஐயா புத்தகத்தைப் பையில் வைத்து, ஹொண்டாவை உருட்டத் தொடங்கி, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நாளைக்கும் வாரும். காற்றுத் திசையைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.”

தாங்கியை நான் நாலு நாள் துடைக்கவில்லை.

மறுமொழி, மன்னாரிலிருந்து

மாதோட்டத்தைத் தொட்டுவிட்டதால் எழுதுகிறேன். அங்குள்ள திருக்கேதீச்சரக் கோயிலில் பாலாவித் தீர்த்தக் கரையில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் தாயிடம், “வந்தியத்தேவன் இதில் கால் கழுவியிருப்பானா அம்மா?” என்று கேட்டது. தாய் வாயை மூடச் சொன்னார். அருகில் விபூதி பூசிக்கொண்டிருந்த முதியவர், “அவன் கதையில் வருகிறவன், பிள்ளை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இடம் இது, அவர்களைக் கேள்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, இரண்டடி நடந்து நின்று, “கழுவியிருந்தால் அந்தப் பக்கத்துப் படியில்தான்” என்று கைகாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் என் அனுபவம்.

மறுமொழி, வவுனியாவிலிருந்து

‘பொன்னியின் செல்வன்’ கதையில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற பேச்சை இங்கே தொடங்கிவிடாதீர்கள். உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் இருக்கின்றன. அதைச் சொன்னதற்காக என் தம்பி ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போனான். “அப்படியென்றால் கதையில் நந்தினி எதற்கு?” என்று கேட்டுவிட்டுப் போனவன் பாயசத்துக்குத்தான் திரும்பி வந்தான்.

மறுமொழி, புதுக்குடியிருப்பிலிருந்து

என்னுடையது புத்தகம் அல்ல, கசெற்.

தொண்ணூறுகளில் எங்களிடம் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்போம். வானொலி என்றால் பெரிய பாதிப்பில்லை, சத்தம் கூடிக் குறையும். கசெற் அப்படியல்ல. சுற்றுகிறவன் களைத்தால் நாடா மெதுவாகும், பாடுகிறவரின் குரல் தடித்துக் கீழே இறங்கும். எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு பாட்டின் சுருதியைப் பற்றித் தீராத சந்தேகம். பக்கத்து வீட்டில் ஆர்மோனியம் வைத்திருந்த மாஸ்ரரை அழைத்து வந்து கட்டையைக் கண்டுபிடிக்கச் சொன்னார். மாஸ்ரர் ஒரு கட்டையில் விரல் வைப்பார், அதற்குள் நான் கை மாற்றுவேன், சுருதி போய்விடும். “ஒரே சீராகச் சுற்றடா!” என்று இருவரும் சேர்ந்து கத்துவார்கள். கடைசியில் சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று எண்ணத் தொடங்கினார். எத்தனை சுற்றுக்கு எந்தச் சுருதி என்று ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தார். என் தோள்பட்டை வலியைப் பற்றி அந்தக் கொப்பியில் ஒரு வரியும் இல்லை.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு வீட்டுக்கு மின்சாரம் வந்தது. அதே பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். சித்தப்பா முழுவதும் கேட்டார்.

“பாடுகிறவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்?” என்றார்.